நாகப் பற்றாக்குறையும் பற்றீரியாவின் பரம்பரையலகு ஒழுங்காக்கமும்

உயிர்ப்பொருள்களின் ஆக்கத்திற் பங்குகொள்ளும் மூலகங்களைப் பற்றிப் பேசும்போது காபன், ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் ஆகியவையே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. உலோகங்களுள் இரும்பும் கல்சியமும் ஓரளவு பேசப்படுகின்றன. நாகமோ கூரைத் தகடுகளுக்கும் மின்கலங்களுக்கும் உரிய உலோகமாகவே பொதுவாக அறியப்பட்டுள்ளது. எனினும் உயிர்க்கலத்தின் உள்ளே அது வகிக்கும் இடம் மிகப் பெரியது. லூயி பாஸ்ரரின் மாணவரான யூல் இரோலன் என்பார், அஸ்பர்ஜிலசு நைகர் என்னும் பூஞ்சணம் நாகமின்றிச் செவ்வனே வளர்வதில்லை என்பதை 1869 ஆம் ஆண்டிலேயே காட்டினார். நாகம் ஒரு நொதியத்தின் பகுதியாக அமைந்து அதன் தொழிற்பாட்டை இயலச் செய்கிறது என்ற உண்மை தெளிவாவதற்கு மேலும் 70 ஆண்டுகள் சென்றன. 1939 இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கெய்லினும் மானும், குருதியிற் காபனீரொட்சைட்டைக் கையாளும் காபோனிக்கு அன்ஐதரேசு நொதியத்தில் நாகம் உள்ளதென நிறுவினர். இன்று பற்றீரியாவின் புரதங்களுள் ஏறத்தாழ 5 சதவீதமும், மனிதப் புரதங்களுள் ஏறத்தாழ 10 சதவீதமும் நாகத்தை வேண்டி நிற்பவை எனக் கணிக்கப்பட்டுள்ளது.

இவ்வளவு இன்றியமையாத ஒரு பொருள் சூழலில் அருகிப்போகும்போது, மூளையோ நரம்போ இல்லாத தனிக்கல உயிரி என்ன செய்கிறது? இவ்வினாவுக்குக் கடந்த கால் நூற்றாண்டில் நடைபெற்ற ஆய்வுகள் தெளிவான விடையைத் தந்துள்ளன. அந்த விடையை விளக்குவதும், அதன் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும். பற்றாக்குறையைச் சந்திக்கும் பற்றீரியா எல்லாப் பரம்பரையலகுகளையும் ஒரே கணத்தில் இயக்கிவிடுவதில்லை. ஓர் ஒழுங்கான வரிசையிலேயே அது செயற்படுகிறது. அவ்வரிசை எத்தகையது, அது எவ்வாறு தோன்றுகிறது என்பனவே நாம் இங்கு நோக்கவிருப்பவை.

நாகத்தின் இருமுகத் தன்மை

முதலில் நாகத்தின் இரசாயன இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். இரும்பும் செம்பும் இலத்திரன்களை ஏற்றும் இழந்தும் தம் நிலையை மாற்றிக்கொள்பவை. நாக அயனோ கலத்தினுள் எப்பொழுதும் இரட்டை நேரேற்றம் கொண்ட ஒரே நிலையிலேயே காணப்படும். இவ்வுறுதியினாலேயே அது புரதங்களின் மடிப்புகளை இறுகப் பிணைத்து வைக்கும் ஆணி போலவும், நீர்மூலக்கூறுகளைத் தாக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் கருவி போலவும் பயன்படுகிறது. புரதங்களிலுள்ள சிஸ்தெயின், இஸ்ரிடீன் ஆகிய அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகள் அதனை விரும்பிப் பற்றுகின்றன.

ஆனால் இதே பிணைப்பு வலிமை ஆபத்தையும் விளைவிக்க வல்லது. உலோக அயன்கள் சேதனப் பொருள்களுடன் பிணையும் வலிமையை ஒழுங்குபடுத்திக் காட்டும் இர்விங்-வில்லியம்சு தொடரில், நாகம் மங்கனீசுக்கும் இரும்புக்கும் மேலாக நிற்கிறது. ஆகவே கலத்தினுள் நாகம் மிகுமாயின், அது அவ்வுலோகங்களுக்கு உரிய இடங்களைத் தான் கைப்பற்றிப் பல நொதியங்களைச் செயலிழக்கச் செய்துவிடும். எனவே கலத்தின் பிரச்சினை நாகத்தை எவ்வளவு கூடுதலாகச் சேர்க்கலாம் என்பதன்று. குறைவும் மிகையும் இரண்டும் கேடாகும் ஒரு பொருளை ஒடுங்கிய எல்லைக்குள் வைத்திருப்பதே அதன் பிரச்சினையாகும். உள்ளெடுக்கும் வாயிலைத் திறக்கும் பொறிமுறையே அதனை உரிய வேளையில் மூடவும் வேண்டும்.

அளவறியும் புரதம்

பரம்பரையலகுகள் எல்லா வேளைகளிலும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை என்பதையும், அவற்றின் வெளிப்பாட்டைத் தடுக்கும் அடக்கிப் புரதங்கள் உண்டு என்பதையும் பாரிசிலுள்ள பாஸ்ரர் நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மொனோவும் 1961 இல் விளக்கினர். அவர்கள் ஆராய்ந்தது பாற்சீனியாகிய இலற்றோசை எஷெரிக்கியா கோலை என்னும் பற்றீரியா பயன்படுத்தும் முறையை ஆகும். அங்கு இலற்றோசு இல்லாதபோது அடக்கிப் புரதம் டி.என்.ஏ. இழையின் மீது அமர்ந்து, அச்சீனியை உடைக்கும் நொதியங்களுக்கான பரம்பரையலகுகளை மூடிவைக்கிறது. இலற்றோசு வந்ததும் அடக்கி விலகுகிறது.

நாகத்தைப் பொறுத்தவரை இதே தத்துவம் மறுதலையாகத் தொழிற்படுகிறது. இங்கு அடக்கியை டி.என்.ஏ. இழையின் மீது அமர்த்துவது நாகமே. நாகம் அற்றபோதே அடக்கி விலகுகிறது. இவ்வடக்கிப் புரதம் 'சூர்' எனப்படும். 'நாக உள்ளெடுப்பு ஒழுங்காக்கி' என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கமே இப்பெயர். 1998 இல் ஜேர்மனியின் ரியூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்சரும் ஹன்ற்கேயும் எஷெரிக்கியா கோலையிலும், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கபல்லாவும் ஹெல்மனும் மண்வாழ் பற்றீரியாவாகிய பசிலசு சப்ரிலிசிலும் இதனைத் தனித்தனியே இனங்கண்டனர். இரும்பின் அளவை உணரும் 'பூர்' என்னும் புரதத்தின் உறவுப் புரதமே இது.

சூர் புரதம் இரண்டு ஒத்த அலகுகள் இணைந்த இருபடியாக உள்ளது. ஒவ்வோர் அலகிலும் ஒரு நாக அயன் நிரந்தரமாக அமர்ந்து புரதத்தின் உருவத்தைப் பேணுகிறது. இதற்குப் புறம்பாக, ஒவ்வோர் அலகிலும் நாகத்தின் அளவை உணரும் தனியிடம் ஒன்றும் உண்டு. அவ்விடங்கள் நிரம்பும்போது இருபடியின் இரு கரங்களும் டி.என்.ஏ. இழையைப் பற்றுவதற்கேற்ற நிலையை அடைகின்றன. அது பற்றும் இடம் பரம்பரையலகின் தொடக்கப் பகுதியில் உள்ளமையால், படியெடுக்கும் நொதியமாகிய ஆர்.என்.ஏ. பொலிமரேசு அங்கு தன் தொழிலைத் தொடங்க இயலாது போகிறது. நாகம் நீங்கியதும் சூர் தளர்ந்து விலக, படியெடுத்தல் தொடங்குகிறது.

இவ்வுணரியின் நுண்மை வியப்புக்குரியது. 2001 இல் அவுற்றனும் ஓ'ஹலோரனும் வெளியிட்ட அளவீடுகளின்படி, ஓர் எஷெரிக்கியா கோலைக் கலத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் நாக அணுக்கள் உள்ளன. ஆனால் சோதனைக் குழாயில் சூர் புரதம் தன் நிலையை மாற்றிக்கொள்வதற்கு வேண்டிய கட்டற்ற நாகத்தின் செறிவு, இலீற்றருக்கு 10 இன் −15 அடுக்கு மூல்களையும் விடக் குறைவானது. இக்கலத்தின் கனவளவு ஏறத்தாழ 10 இன் −15 அடுக்கு இலீற்றர். அத்தகைய கனவளவில் ஒரேயொரு அணு இருந்தாலும் அதன் செறிவு இலீற்றருக்கு 10 இன் −9 அடுக்கு மூல் அளவினதாகும். அதாவது உணரி வரையறுக்கும் எல்லை, கலமொன்றுக்கு ஓர் அணு என்ற அளவைவிட ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு தாழ்ந்தது. இதிலிருந்து நாம் பெறும் முடிவு யாதெனில், கலத்தினுள் நாகம் தனித்துத் திரிவதில்லை என்பதே. இலட்சக்கணக்கான அணுக்களும் ஏதேனுமொரு புரதத்தோடோ சிறு மூலக்கூறோடோ பிணைந்தே உள்ளன. ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாறியே அவை பயணம் செய்கின்றன. எனவே சூர் அளப்பது உண்மையில் இக்கொடுக்கல் வாங்கலில் நிலவும் தட்டுப்பாட்டையே எனலாம்.

பற்றாக்குறையின் மூன்று படிகள்

இனி, நாகம் குறையத் தொடங்கும்போது நிகழ்வனவற்றைப் பசிலசு சப்ரிலிசை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவோம். இப்பற்றீரியாவில் சூர் புரதத்தின் ஆட்சிக்கு உட்பட்ட பரம்பரையலகுகள் மூன்று அலைகளாக ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுகின்றன என்பதை ஷின், ஹெல்மன் ஆகியோர் 2016 இல் காட்டினர்.

முதலாவது படி, கலத்தில் ஏலவே உள்ள நாகத்தை விடுவித்தலாகும். புரதங்களைத் தொகுக்கும் தொழிற்சாலைகளாகிய இறைபோசோம்கள், விரைந்து வளரும் கலமொன்றிற் பல்லாயிரக்கணக்கில் உள்ளன. அவற்றின் கூறுகளாகிய சில புரதங்கள் நாகத்தைத் தம்முள் கொண்டுள்ளன. ஆகவே இறைபோசோம்களின் தொகுதியே நாகத்தின் பெருங்களஞ்சியமாகவும் அமைந்துவிடுகிறது. இப்புரதங்களுள் எல்-31 என்பது இறைபோசோமின் மேற்பரப்பில் தளர்வாக ஒட்டியிருப்பது. இதற்கு நாகத்தைப் பற்றும் சிஸ்தெயின்கள் அற்ற ஒரு மாற்றுப் புரதமும் உண்டு. அதற்கான பரம்பரையலகைச் சூர் மூடிவைத்திருக்கிறது. நாகம் குறையத் தொடங்கியதும் அப்பரம்பரையலகு திறக்கப்படுகிறது. மாற்றுப் புரதம் உருவாகி, இறைபோசோமிலிருந்து பழைய எல்-31 ஐ அகற்றித் தான் அவ்விடத்தில் அமர்கிறது. அகற்றப்பட்ட புரதத்திலிருந்த நாகம் பிற தேவைகளுக்குக் கிட்டுகிறது. இவ்விரு புரதங்களின் இடமாற்றத்தை நாகமே தீர்மானிக்கிறது என்பதை யப்பானிய ஆய்வாளராகிய நானமியாவும் அவரது குழுவினரும் 2004 இல் எடுத்துக்காட்டினர். இறைபோசோம் தொடர்ந்து தொழிற்படுகிறது என்பதும் இங்கு நோக்கற்பாலது.

இரண்டாவது படி, வெளியிலிருந்து நாகத்தைத் தேடிப் பெறுதலாகும். உள்ளிருந்து விடுவிக்கப்பட்ட நாகமும் போதாதபோது, 'சினு' எனப்படும் உள்ளெடுக்கும் தொகுதிக்கான பரம்பரையலகுகள் திறக்கப்படுகின்றன. இத்தொகுதி மூன்று கூறுகளைக் கொண்டது. ஒன்று கலமென்சவ்வின் வெளிப்புறத்தில் நின்று அரிதாகக் கிடைக்கும் நாக அயனை இறுகப் பற்றுகிறது, மற்றொன்று மென்சவ்வினூடாக வழியமைக்கிறது, மூன்றாவது ஏ.ரி.பி. மூலக்கூறுகளை உடைத்து வேண்டிய சக்தியை வழங்குகிறது. இறைபோசோமிலிருந்து நாகத்தை விடுவிப்பதற்கு ஒரு சிறு புரதத்தை ஆக்கினாற் போதும். இங்கோ முழுத் தொகுதியொன்றை ஆக்கி, சக்தியையும் தொடர்ந்து செலவிட வேண்டியுள்ளது.

மூன்றாவது படி, நாகமின்றியே வாழ்வதற்கான ஏற்பாடாகும். சூழலில் நாகம் அறவே அற்றுப்போகுமாயின், நாகத்தை வேண்டிய சில புரதங்களுக்குப் பதிலாக அதனை வேண்டாத மாற்றுப் புரதங்கள் உருவாகின்றன. இறைபோசோமின் உட்பகுதியில் அமைந்த எஸ்-14 என்னும் புரதம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். எல்-31 ஐப் போன்று இதனை எளிதிற் கழற்றி மாற்ற முடியாது. இறைபோசோம் கட்டப்படும்போதே இது உள்ளே அமைய வேண்டும். நாகமின்றேல் எஸ்-14 இல்லை, எஸ்-14 இன்றேல் புதிய இறைபோசோம் இல்லை, வளர்ச்சியும் இல்லை. இந்நிலையில் நாகம் வேண்டாத மாற்று எஸ்-14 தோன்றிப் புதிய இறைபோசோம்களின் ஆக்கத்தைத் தொடரச் செய்கிறது. அவ்வாறே போலிக்கமிலத் தொகுப்பின் முதற்படியை நிகழ்த்தும் நாக நொதியத்துக்குப் பதிலாக, நாகத்தில் தங்கியிராத மற்றொரு நொதியமும் உருவாக்கப்படுகிறது.

விடுவித்தல், தேடுதல், மாற்றீடு செய்தல் என்ற இவ்வரிசை பொருள் பொதிந்தது. குறைந்த செலவில் உடன் பயன் தருவது முதலிலும், அடிப்படை அமைப்பையே மாற்றுவது இறுதியிலும் இடம்பெறுகின்றன.

வரிசை எவ்வாறு தோன்றுகிறது?

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. மூன்று படிகளையும் ஆள்வது ஒரே அடக்கிப் புரதமாயின், அவை ஒரே வேளையில் நிகழாது வெவ்வேறு வேளைகளில் நிகழ்வது எங்ஙனம்? பற்றீரியா நிலைமையை ஆராய்ந்து திட்டமிடுகிறது என்று கூறுவது உவமையாகலாமேயன்றி விளக்கமாகாது. விளக்கம் பிணைப்பின் இரசாயனத்தில் உள்ளது.

சூர் இருபடியில் நாகத்தை உணரும் இரண்டு இடங்கள் உண்டென்பதை முன்னர் கண்டோம். அவ்விரண்டும் ஒரே நாட்டத்துடன் நாகத்தைப் பற்றுவதில்லை. முதலாவது இடம் நிரம்பியதும் இரண்டாவது இடத்தின் நாட்டம் குறைந்துவிடுகிறது. இதனால் நாகம் குறையும்போது இரண்டாவது இடம் முதலில் வெறுமையாகிறது. முதலாவது இடமோ தன் நாகத்தை மேலும் நெடுநேரம் வைத்திருக்கிறது. ஆகவே சூர் புரதத்துக்கு முற்றாக நிரம்பிய நிலை, பாதி நிரம்பிய நிலை, வெறுமையான நிலை என மூன்று நிலைகள் உண்டு. பாதி நிரம்பிய சூர் டி.என்.ஏ. இழையை முன்போல் வலுவாகப் பற்றாவிடினும், முற்றாகக் கைவிடுவதுமில்லை. சில பரம்பரையலகுகளின் தொடக்கப் பகுதிகளை மூடிவைக்க அது போதாது. அவை உடனே திறந்துகொள்கின்றன. வேறு சிலவற்றை மூடிவைக்க அதுவே போதுமானது; அவை இரண்டாவது நாக அயனும் நீங்கும்வரை மூடியே இருக்கின்றன. டி.என்.ஏ. இழையிலுள்ள எழுத்துவரிசையின் சிறு வேறுபாடுகளும், புரதத்தின் நிரம்பிய அளவும் சேர்ந்து கால ஒழுங்கொன்றைத் தோற்றுவிக்கின்றன.

உயிரின் ஒழுங்கமைப்பைக் கண்டு அதற்குப் பின்னால் ஒரு நோக்கத்தையோ திட்டமிடுவோனையோ கற்பித்துக்கொள்ளும் வழக்கம் பழைமையானது. இங்கு நாம் காண்பதோ, மூலக்கூறுகளின் பிணைப்பு வலிமைகளில் உள்ள ஏற்றத்தாழ்வுகள் மட்டுமே. அவ்வேற்றத்தாழ்வுகள் இவ்வரிசையில் அமைந்த கலங்கள் பற்றாக்குறைக் காலங்களில் மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பெருகின. இயற்கைத் தேர்வு அவ்வமைப்பை நிலைநிறுத்தியது. நோக்கம் போன்று தோன்றுவது நீண்ட வரலாற்றின் விளைவேயாகும்.

மனித உடல் என்னும் களம்

மேற்கூறியவை ஆய்வுகூட ஆர்வத்துக்குரிய செய்திகள் மட்டுமே எனக் கருதுதல் தவறாகும். நோய்க்கிருமியொன்று மனித உடலினுட் புகும்போது, உடல் திட்டவட்டமான நாகப் பற்றாக்குறையை அதன்மீது சுமத்துகிறது. குருதியிலுள்ள நடுநிலைநாடிகள் என்னும் வெண்குழியங்களின் குழியவுருவில், புரதங்களின் பெரும் பங்காகவே கல்புரொத்தெக்ரின் என்னும் புரதம் நிரம்பியுள்ளது. தொற்று ஏற்பட்ட இடத்தை அடையும் இக்குழியங்கள் அப்புரதத்தை வெளியிடுகின்றன. அது நாகத்தையும் மங்கனீசையும் இறுகப் பற்றிக்கொள்ள, கிருமிகள் பட்டினியுறுகின்றன. ஸ்தபிலோக்கொக்கசு ஓரியசு உண்டாக்கும் சீழ்க்கட்டிகளில் இத்தகைய உலோகப் பட்டினி நிகழ்வதை 2008 இல் வெளியான ஆய்வொன்று எலிகளிற் காட்டியது. போசணைப் பொருள்களை மறுப்பதன் வாயிலாக உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் இம்முறை 'போசணை சார் நிர்ப்பீடனம்' எனப்படுகிறது.

கிருமிகளும் வாளாவிருப்பதில்லை. சூர் புரதம் விலக, அவற்றின் சினு தொகுதி இயங்கத் தொடங்குகிறது. அழற்சியுற்ற குடலில் கல்புரொத்தெக்ரின் நிறைந்திருந்தும் சல்மொனெல்லா பெருகுவதற்கு இத்தொகுதியே துணைபுரிகிறது என்பது 2012 இல் காட்டப்பட்டது. நாகத்தைப் பெறவியலாத ஏனைய குடல்வாழ் பற்றீரியாக்கள் பின்தங்க, சல்மொனெல்லா முந்துகிறது. உடல் அமைத்த தடையே ஒரு கிருமிக்கு வாய்ப்பாகிவிடுகிறது. கொனோறியா நோயை உண்டாக்கும் நைசீரியாவோ இன்னும் ஒருபடி மேற்சென்று, கல்புரொத்தெக்ரினையே பற்றிப் பிடித்து அதிலிருந்து நாகத்தைப் பறித்துக்கொள்கிறது.

நுண்ணுயிர்கொல்லிகளுக்கு எதிரான தடைவலுவும் இதனோடு தொடர்புடையதே. காபபெனெம் வகை மருந்துகள் மருத்துவரிடம் எஞ்சியுள்ள இறுதி ஆயுதங்களுட் சில. 2008 இல் சுவீடனில் ஒரு நோயாளியிடமிருந்து பெறப்பட்ட கிளெப்சியெல்லாவில் முதன்முதல் இனங்காணப்பட்ட என்.டி.எம்.-1 என்னும் நொதியம் இம்மருந்துகளை உடைத்துப் பயனற்றதாக்குகிறது. அந்நோயாளி முன்னர் புதுடில்லியில் சிகிச்சை பெற்றவர். நொதியத்தின் பெயரும் அந்நகரைச் சுட்டியே அமைந்தது. இந்நொதியத்தின் தாக்க மையத்தில் இரண்டு நாக அயன்கள் உள்ளன. நாகத்தை இழப்பின் அது செயலிழக்கும். 2014 இல் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அஸ்பர்ஜிலோமராஸ்மின் என்னும் பூஞ்சணப் பொருள் இந்நொதியத்திலிருந்து நாகத்தை அகற்றி மருந்தின் ஆற்றலை மீட்பதை எலிகளில் நிறுவினர். ஆனால் என்.டி.எம். நொதியத்தின் பின்வந்த வடிவங்கள் சில, நாகத்தை முன்னையதிலும் இறுகப் பற்றி, அது அருகிய இடத்திலும் தொழிற்பட வல்லவையாய் உள்ளன. உடல் சுமத்தும் நாகப் பற்றாக்குறை கிருமிகளின் கூர்ப்பில் எத்துணை வலிய சக்தி என்பதற்கு இதுவே சான்று.

இதிலிருந்து, நோயுற்றவருக்கு நாகத்தை மறுத்தால் கிருமிகள் அழியும் என்று யாரேனும் முடிவுகொள்வாராயின் அது பெருந்தவறாகும். கல்புரொத்தெக்ரின் நாகத்தை மறுப்பது தொற்று நிகழ்ந்த சிறு இடத்தில் மட்டுமே. அவ்விடத்துக்கு விரையும் வெண்குழியங்களும், அவற்றை ஆக்கும் என்பு மச்சையும் தம் தொழிலுக்கு நாகத்தை வேண்டுபவை. உணவில் நாகம் குறைந்தோரிடத்தில் நோயெதிர்ப்பு வலு குன்றுகிறது. 1960 களின் தொடக்கத்தில் ஆனந்த பிரசாத் என்னும் மருத்துவர் ஈரானிலும் எகிப்திலும் வளர்ச்சி குன்றிய இளைஞரை ஆராய்ந்து, மனிதரில் நாகக்குறைபாடு என்பதொன்று உண்டென நிலைநாட்டினார். அவர்கள் பெரிதும் தானிய உணவிலேயே தங்கி வாழ்ந்த ஏழை மக்கள். தானியத்திலுள்ள பைற்றேற்று நாகத்தைப் பிணைத்து உடலுக்குக் கிட்டாது செய்கிறது. வயிற்றோட்டத்தால் வருந்தும் குழந்தைகளுக்கு 10 முதல் 14 நாட்கள் வரை நாள்தோறும் 10 தொடக்கம் 20 மில்லிகிராம் நாகம் கொடுக்கப்பட வேண்டுமென உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் 2004 இல் பரிந்துரைத்தன. தொற்று நிகழ்ந்த இடத்தில் கிருமிக்கு மறுப்பதற்கும், குழந்தையின் உணவில் இல்லாது போவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கு தெளிவாகும். முன்னது உடலின் தற்காப்பு. பின்னது வறுமையின் விளைவு.

முடிவுரை

நாகம் அருகும்போது பற்றீரியா முதலில் தன்னிடமுள்ளதை விடுவிக்கிறது. பின்னர் வெளியே தேடுகிறது. இறுதியில் நாகமின்றி இயங்கும் மாற்று அமைப்பை மேற்கொள்கிறது. இம்மூன்றையும் ஒரே புரதம், தன்மீது அமரும் இரு அயன்களின் வரவு செலவைக் கொண்டே ஒழுங்குபடுத்துகிறது. இப்பொறிமுறையை அறிந்துகொண்டமையாலேயே, கிருமியின் நாக வாயிலை அடைப்பது, தடைவலு நொதியத்தின் நாகத்தைக் கவர்வது போன்ற புதிய மருத்துவ வழிகளைப் பற்றி இன்று பேச முடிகிறது. அவ்வழிகளைத் தேடுவோர் மனதிற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. முதற்படியைத் தடுத்தால் இரண்டாவதும், இரண்டாவதைத் தடுத்தால் மூன்றாவதும் ஆயத்தமாக நிற்கும் ஓர் உயிரியோடு அவர்கள் போராடுகின்றனர். அதன் வரிசையை முழுமையாக அறிந்தோரே அதனை முந்திக்கொள்ள வல்லவராவர்.